புளிக்கும் கோஸ், கரிக்கும் கருவாடு

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள புன்னைக்காயல் என்ற ஊருக்கருகில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அவ்வூர்ப் பேச்சில் அது 'புன்னக்காயல்'. ஆற்றின் மேற்பகுதியில் நீரை வாயில் விட்டுப் பார்த்தால் உப்பே தெரியாது. முகத்துவாரத்தில் கரிக்கும். கடலுக்குள் சென்றால் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 3½ கிராம் உப்பு இருக்கும். சற்றுத் தள்ளிப் பழையகாயல், ஆறுமுகநேரி பக்கத்து உப்பளப் பாத்திகளிலோ, 100 கிராம் நீரில் 25 கிராம் உப்பு நிற்கும். சைக்கிளில் ஒரு காலைப் பொழுதில் சுற்றி வரக்கூடிய தூரத்திற்குள், நூற்றுக்குச் சுழியிலிருந்து இருபத்தைந்து வரை உப்பின் எல்லா அளவுகளையும் காணலாம். வேதியியல் ஆய்வுக்கூடத்தில்கூட இவ்வளவு வரிசையாகப் புட்டிகள் அடுக்கியிருக்க மாட்டார்கள்!

உப்பளத்தில் நீரின் உப்பை நாக்கால் சோதிப்பதில்லை. நீரில் மிதக்கும் ஒரு கண்ணாடிக் கருவியை இட்டு, 'எத்தனை டிகிரி' என்று பார்க்கிறார்கள். இது வெப்பநிலை டிகிரி அன்று. பிரெஞ்சு நாட்டு மருந்தியலார் அந்துவான் போமே 18ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவுகோல் இது. தூய நீரில் கருவி மூழ்கும் இடம் 0. நூற்றுக்கு 15 பங்கு உப்புள்ள நீரில் மூழ்கும் இடம் 15. ஆகவே உப்பு நீரைப் பொறுத்தவரை போமே டிகிரி என்பது ஏறத்தாழ நூற்று வீதமேதான். 25 டிகிரியில் உப்புப் பூக்கத் தொடங்கும் என்பது உப்பளத்தில் வேலை செய்வோர் அனைவருக்கும் தெரியும்.

இப்போது ஒரு கேள்வி. உப்பு உணவைக் கெடாமல் காக்கிறது என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறீர்கள். எப்படிக் காக்கிறது? 'கிருமிகளைக் கொன்றுவிடுகிறது' என்று பெரும்பாலோர் விடை எழுதுவர். அது பாதி உண்மை. 25 டிகிரி உப்பு செய்யும் வேலை வேறு, 2½ டிகிரி உப்பு செய்யும் வேலை வேறு. முதலாவதற்குக் கருவாடு சான்று. இரண்டாவதற்கு நல்ல சான்று நம் ஊரில் இல்லை; ஜெர்மனியிலிருந்து வரவழைக்க வேண்டும்.

கோஸும் உப்பும் மட்டும்

அந்தச் சான்றின் பெயர் 'சவர்க்ராட்'. ஜெர்மன் மொழியில் 'சவர்' என்றால் புளிப்பு. 'க்ராட்' என்றால் முட்டைக்கோஸ். நாம் அதைப் புளிக்கோஸ் என்று அழைப்போம். இதில் புளி இல்லை, எலுமிச்சை இல்லை, காடி இல்லை, அடுப்பிலும் ஏற்றுவதில்லை. மெல்லியதாக நறுக்கிய முட்டைக்கோஸ், அதன் எடையில் நூற்றுக்கு 2 முதல் 2½ பங்கு உப்பு - இவ்வளவே. சில வாரங்களில் அது தானாகவே புளித்து, குளிர்ந்த இடத்தில் மாதக் கணக்கில் கெடாமல் இருக்கிறது.

ஜெர்மனி, போலந்து, உருசியா முதலிய நாடுகளில் இலையுதிர் காலம் முடிந்தால் நிலம் பனியில் மூடிவிடும். பசுங்காய் என்பது ஏப்ரல் வரை கண்ணில் படாது. எனவே பனிக்கு முன் குடும்பம் முழுவதும் கூடி உட்கார்ந்து கோஸ் நறுக்குவது அங்குப் பழைய வழக்கம். அதற்கென்றே கத்தி பதித்த நீண்ட சீவுபலகை ஒன்று பல வீடுகளில் தாத்தா காலத்திலிருந்து கைமாறி வரும். நறுக்கியதை மரப்பீப்பாயில் ஓர் அடுக்குக் கோஸ், ஒரு பிடி உப்பு என்று போட்டு, உலக்கையால் இடித்து அமுக்குவர். போலந்தில் பிள்ளைகளின் காலைக் கழுவி, பீப்பாய்க்குள் இறக்கி மிதிக்கச் சொல்வதும் உண்டு! மேலே ஒரு பலகை, பலகை மேல் ஒரு கல். பின்பு பீப்பாய் நிலவறைக்குப் போய்விடும். கொரியாவில் இதே வேலை 'கிம்ஜாங்' என்ற பெயரில் அண்டை வீட்டாரெல்லாம் கூடும் விழாவாகவே நடக்கிறது. அங்கே மிளகாயும் பூண்டும் சேர்ந்து 'கிம்ச்சி' ஆகிறது. 2013இல் யுனெஸ்கோ நிறுவனம் இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

நம் பாட்டிமார் மாசி, பங்குனியில் மாவடு போடுவதை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். கூட்டம், அளவு, கல்லுப்பு, ஜாடி, காத்திருத்தல் - எல்லாம் அதேதான். ஆனால் உள்ளே நடப்பது ஒன்றுதானா? அதற்கு விடை சற்றுப் பின்னால்.

உலர்ந்த காயில் ஊறும் நீர்

புளிக்கோஸ் செய்கையில் ஒரு சொட்டு நீரும் ஊற்றுவதில்லை. ஆயினும் நறுக்கிய கோஸில் உப்பைப் பிசைந்து கால் மணி நேரம் வைத்தால், பாத்திரத்தில் நீர் தேங்கி நிற்கும். மறுநாள் கோஸ் முழுவதும் அந்நீரில் மூழ்கிவிடும். இந்த நீர் எங்கிருந்து வந்தது?

கோஸின் எடையில் நூற்றுக்கு 92 பங்கு நீர்தான். அது செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்துள்ளது. நீர் மூலக்கூறுகள் அச்சவ்வைக் கடக்கும். உப்பின் அயனிகள் எளிதில் கடக்கமாட்டா. வெளியே உப்பு மிகுந்தால், உள்ளேயிருக்கும் நீர் சவ்வைக் கடந்து வெளியேறும். இதுவே சவ்வூடு பரவல். பெயரளவில் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதன் வலிமை எவ்வளவு என்று எப்போதாவது கணக்கிட்டதுண்டா?

கணக்கு எளிது. சவ்வூடு பரவல் அழுத்தத்திற்கும் வாயுக்களின் அழுத்தத்திற்கும் ஒரே வகைச் சமன்பாடு பொருந்தும் என்று காட்டியவர் டச்சு அறிஞர் வான்ட் ஹாஃப். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901இல் அவருக்குத்தான் கிடைத்தது. ஒரு லிட்டர் நீரில் 25 கிராம் உப்பு என்று கொள்வோம். சோடியம் குளோரைடின் மூலக்கூற்று எடை 58.5, ஆகவே இது 0.43 மோல். நீரில் ஒவ்வோர் உப்பு அலகும் சோடியம் அயனி ஒன்றும் குளோரைடு அயனி ஒன்றுமாகப் பிரிவதால், துகள்களின் அளவு 0.86 மோல். 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் ஒரு லிட்டரில் ஒரு மோல் துகள் இருந்தால் அழுத்தம் சுமார் 25 வளிமண்டலம். எனவே 0.86ஐ 25ஆல் பெருக்க, 21 வளிமண்டலம்!

ஒரு வளிமண்டல அழுத்தம் சுமார் 10 மீட்டர் உயர நீரைத் தாங்கும். அப்படியானால் 21 வளிமண்டலம் 200 மீட்டருக்கும் மேற்பட்ட நீர்த்தம்பத்தைத் தாங்கும். புன்னைக்காயலுக்குத் தெற்கேயுள்ள திருச்செந்தூர்க் கோயில் கோபுரத்தின் உயரம் 137 அடி என்பர். அதைப்போல் ஐந்து கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, உச்சிவரை நீர் நிரப்பினால் அடியில் எவ்வளவு அழுத்தமோ, அவ்வளவு! கோஸ் செல்லின் சாற்றிலும் சர்க்கரை முதலியவை கரைந்திருப்பதால் உள்ளிருந்து ஓர் எதிரழுத்தம் உண்டு. அதைக் கழித்தாலும் பத்து வளிமண்டலத்திற்குக் குறையாமல் மிஞ்சும். இரண்டு ஸ்பூன் உப்பு செய்கிற வேலை இது. பீப்பாயின் மேல் வைக்கும் கல்தான் நீரைப் பிழிகிறது என்று எண்ணுவோர் உண்டு. கல்லின் அழுத்தம் இதன்முன் ஒரு பொருட்டே அன்று. கல்லின் வேலை வேறு: கோஸ் மிதந்து மேலே வராதபடி, காற்றுப் படாதபடி, நீருக்குள் அமுக்கி வைப்பது.

காற்றுப் படக்கூடாது என்பதில்தான் அடுத்த கதை தொடங்குகிறது.

யாருக்கு இடம், யாருக்கு இல்லை?

தோட்டத்திலிருந்து வரும் கோஸ் இலையில் பல வகை நுண்ணுயிர்கள் இருக்கும். அழுகலை உண்டாக்குவன, பூஞ்சைகள், ஈஸ்டுகள் எனப் பெருங்கூட்டம். லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் அக்கூட்டத்தில் மிகச் சிறுபான்மையினர். கோஸை அப்படியே விட்டால் பெரும்பான்மையினர் வென்று, கோஸ் அழுகும். 2½ விழுக்காடு உப்பிட்டுக் காற்றில்லாமல் அமுக்கி வைத்தால் நிலைமை தலைகீழாகிறது. பூஞ்சைகளுக்குக் காற்று வேண்டும், அது இல்லை. அழுகல் பாக்டீரியாக்களில் பல உப்பில் மந்தமாகிவிடுகின்றன. லாக்டிக் பாக்டீரியாக்களுக்கோ இந்த அளவு உப்பு ஒரு தடையன்று, காற்றும் தேவையில்லை. சிறுபான்மையினருக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

முதலில் எழுவது லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற வகை. நீங்கள் இதைக் கண்டதில்லை. ஆனால் தினமும் இதன் வேலையை உண்கிறீர்கள். இட்லி மாவு இரவில் பொங்குவதற்கு முக்கிய காரணம் இதே உயிர்தான்! ஜெர்மானியரின் பீப்பாயிலும் நம் வீட்டு மாவுப் பானையிலும் ஒரே தொழிலாளி. கோஸின் சர்க்கரையை அது லாக்டிக் அமிலமாகவும், சிறிது ஆல்ககாலாகவும், கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. வாயு குமிழியிட்டு வெளியேறும்போது மிஞ்சிய காற்றையும் துரத்திவிடுகிறது. அமிலம் நூற்றுக்கு ஒரு பங்கை நெருங்கும்போது அதற்கே புளிப்புத் தாங்கவில்லை, அடங்கிவிடுகிறது. அப்போது புளிப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற வகை தலையெடுக்கிறது. (2020இல் வகைப்பாட்டாளர்கள் இதன் முதற்பெயரைச் சற்று மாற்றிவிட்டார்கள். அது தன் வேலையை மாற்றிக் கொள்ளவில்லை.) இறுதியில் அமிலம் ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை ஏறும். பி.எச். மதிப்பு 3½ அளவுக்கு இறங்கும்.

பால் புளிப்பதும் இத்தகைய உயிர்ச் செயலே என்று 1857இல் நிறுவியவர் லூயி பாஸ்டர். அதற்கு முன் பல நூற்றாண்டுகள் பீப்பாய் நிரப்பியவர்களுக்குப் பாக்டீரியா என்ற சொல்லே தெரியாது. ஆனால் எவ்வளவு உப்பு என்பது தெரிந்திருந்தது.

ஆகவே புளிக்கோஸைக் காப்பது உப்பன்று, அமிலம். உப்பு முதல் சில நாட்கள் மட்டும் வாசலில் நின்று, யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கிறது. இதனால்தான் அளவு முக்கியமாகிறது. உப்பு ஒரு விழுக்காட்டுக்குக் குறைந்தால் அழுகல் முந்திக்கொள்ளும், கோஸ் கொழகொழத்துவிடும். 'பத்திரமாக இருக்கட்டும்' என்று அள்ளிப் போட்டாலும் தவறுதான்: லாக்டிக் பாக்டீரியாவும் முடங்கிவிடும், புளிப்பே ஏறாது. உப்பைக் கூட்டிப் போட்டால் எப்போதும் நல்லது என்ற எண்ணம் இங்கே செல்லாது.

பாட்டியின் படிக் கணக்கு

இனி மாவடுவுக்கு வருவோம். பல வீடுகளில் வழங்கும் கணக்கு: 'ஒரு படி வடுவுக்கு அரைக்கால் படி உப்பு'. அரைக்கால் என்பது எட்டில் ஒன்று. எட்டில் ஒன்றென்றால் 12½ விழுக்காடு என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். படி என்பது கன அளவு, எடையன்று.

ஒரு லிட்டர் பாத்திரத்தில் கல்லுப்பைக் குவித்தால் ஏறத்தாழ பாதி இடம் கற்களுக்கிடையே வெற்றிடம். உப்பின் அடர்த்தி 2.16 ஆதலால் எடை சுமார் 1.1 கிலோ வரும். வடுவின் அடர்த்தி நீரைப் போலத்தான். உருண்டைகளுக்கிடையே இடைவெளி இருப்பதால் ஒரு லிட்டர் பாத்திரம் சுமார் 0.6 கிலோ கொள்ளும். எனவே 8 பாத்திரம் வடு 4.8 கிலோ; 1 பாத்திரம் உப்பு 1.1 கிலோ. வடுவிலுள்ள நீர் சுமார் 4 கிலோ. இந்த உப்பு முழுவதும் அந்நீரில் கரைந்தால் உப்பு நீரின் செறிவு நூற்றுக்கு 20ஐத் தாண்டுகிறது. உப்பளத்துப் பாத்தியில் உப்புப் பூப்பதற்குச் சற்று முந்திய நிலை! நான்கைந்து நாளில் வடு சுருங்கிச் சுருக்கம் விழுவது இதனால்தான்.

இவ்வளவு உப்பில் லாக்டிக் பாக்டீரியா அனேகமாக அசையாது. மாவடுவின் புளிப்பு பெரும்பாலும் மாங்காய் பிறக்கும்போதே கொண்டுவந்த அமிலம். ஆகவே முன் கேட்ட கேள்விக்கு விடை: பார்வைக்கு ஒன்று போலிருந்தாலும் மாவடுவும் புளிக்கோஸும் வேறு வேறு. கோஸுக்குத் தன் புளிப்பில்லை. பாக்டீரியாவிடம் கடன் வாங்குகிறது. மாங்காய்க்குக் கடன் தேவையில்லை.

வடுவுக்கு விளக்கெண்ணெய் தடவி, கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி சேர்த்து, ஜாடிக்கு வேடு கட்டித் தினமும் குலுக்கி வைப்பது வழக்கம். 'ஈரக் கையை ஜாடியில் விடாதே' என்று அதட்டும் குரலைக் கேளாத பிள்ளை உண்டா? இந்த அதட்டலுக்குள் ஓர் இயற்பியல் பாடம் இருக்கிறது. 20 விழுக்காடு உப்பு நீரின் அடர்த்தி சுமார் 1.15. கையிலிருந்து சொட்டும் நல்ல நீரின் அடர்த்தி 1. இலேசான நீர் கீழே இறங்காமல் மேற்பரப்பிலேயே மெல்லிய படலமாக நிற்கும். தானாகக் கலக்க வெகுநேரம் பிடிக்கும். ஜாடி முழுவதும் உப்பு நிறைந்திருந்தாலும் மேலே ஒரு மெல்லிய படலத்தில் மட்டும் உப்புக் குறைவு. பூஞ்சைக்கு அந்தப் படலம் போதும். காற்றும் அங்கேதான் இருக்கிறது. தினமும் குலுக்குவது அப்படலத்தைக் கலைப்பதற்கே. மாறாக, மாதவிலக்கான பெண்கள் ஜாடியைத் தொட்டால் ஊறுகாய் கெடும் என்றும் சில வீடுகளில் சொல்வதுண்டு. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பழக்கங்களில் எது அனுபவம், எது வெறும் தடை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

கருவாடும் உப்பு வரியும்

மீனில் சர்க்கரை மிகமிகக் குறைவு. எனவே லாக்டிக் பாக்டீரியாவுக்கு அங்கே வேலையில்லை. அமிலக் காவல் கிடைக்காது. புன்னைக்காயல் போன்ற கரையூர்களில் மிஞ்சிய மீனைக் காக்க ஒரே வழி, எந்த உயிருக்கும் இடம் கொடாத அளவுக்கு உப்பிட்டு, வெயிலில் உலர்த்துவது. பெரிய மீனைக் கீறிக் குடலை எடுத்து, மூன்று நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு சேர்ப்பர். தெற்குக் கரையில் உப்பிட்ட மீனைப் பனையோலைப் பாயில் சுற்றி மணற்குழியில் இரண்டு மூன்று நாள் புதைத்து வைக்கும் முறையும் உண்டு. மேற்குக் கரையில் கொழும்புக்கு அனுப்புவதற்காக மீனை உப்புடன் குடம்புளியும் சேர்த்துப் பீப்பாயில் ஊறவைத்தார்கள். அதில் உப்பும் அமிலமும் கூட்டுக் காவல்.

தெவிட்டு நிலை உப்பு நீருக்கு மேலுள்ள காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிற்கும். இதன் பொருள் என்ன? சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 75க்கு மேல் போனால், உப்பு காற்றிலிருந்தே நீரை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் கருவாடு 'வியர்ப்பது' இதனால்தான். அப்போது அதில் செந்நிறம் படர்வதும் உண்டு. உப்பளத்துப் பாத்திகள் சில வேளைகளில் சிவந்து காணப்படுவதைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டும் ஒரே வகை உப்பு விரும்பி நுண்ணுயிர்களின் வேலை. 25 டிகிரி உப்பிலும் குடியிருக்க ஆள் உண்டு!

மீனுக்கு வேண்டிய இந்த உப்பு, கடற்கரையில் வாழ்ந்தோருக்கே எட்டாமல் போன காலம் ஒன்று இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் உப்புக்கு வரி. கண்ணெதிரே உப்பு விளைந்தாலும் ஒரு பிடி அள்ளினால் குற்றம். விலை கொடுக்க முடியாதவர்கள் உப்பைக் குறைத்தார்கள், அல்லது உவர்மண்ணைத் தடவினார்கள். உப்புக் குறைந்த மீன் என்ன ஆகும் என்பதை இவ்வளவு படித்த பின் நீங்களே சொல்லிவிடுவீர்கள். மீன்வள ஆய்வாளராயிருந்த பிரான்சிஸ் டே 1873இல் வெளியிட்ட அறிக்கை இந்நிலையை அரசின் கவனத்துக்குக் கொண்டு சென்றது. பின்னர்ச் சென்னை மாகாணக் கடற்கரையில் வேலியிட்ட மீன் உப்பிடும் முற்றங்கள் ஏற்பட்டன. அவற்றினுள் மட்டும் வரியில்லா உப்பு வழங்கப்பட்டது. உப்பு வரி முற்றிலும் நீங்கியது 1947இல்தான். 1930இல் வேதாரண்யத்தில் உப்பள்ளிச் சிறை சென்றவர்களைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படிக்கும்போது, கருவாட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலில் ஏறிய கோஸ்

16ஆம் நூற்றாண்டில் புன்னைக்காயல் போர்த்துக்கீசியரின் முக்கிய இருப்பிடங்களுள் ஒன்று. இலங்கைத் தமிழர் இன்றும் முட்டைக்கோஸைக் 'கோவா' என்கிறார்களே, அது போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு. ஐரோப்பாவிலிருந்து இக்கரைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். வாஸ்கோ ட காமா 1497இல் புறப்பட்டபோது உடன் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஊர் திரும்பவில்லை. ஈறு வீங்கி, பல் ஆடி, பழைய காயங்கள் மீண்டும் திறந்து உயிரைக் குடிக்கும் ஸ்கர்வி நோய் அவர்களில் பலரைக் கொண்டு போயிற்று. அவர்களிடம் உப்புக்கண்டம் இருந்தது, ரொட்டி இருந்தது. இரண்டிலும் வைட்டமின் 'சி' இல்லை.

1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைவில் தேறினர். ஆனால் பழம் கப்பலில் நீண்ட நாள் நில்லாது. 1768இல் கேப்டன் ஜேம்ஸ் குக் 'எண்டெவர்' கப்பலில் புறப்பட்டபோது சுமார் 3½ டன் புளிக்கோஸை ஏற்றினார். மாலுமிகள் அதைத் தொடவில்லை. குக் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அதிகாரிகளின் மேசையில் மட்டும் தினமும் பரிமாறச் செய்தார். மேலோர் விரும்பி உண்பதைக் கண்டதும் எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது. விரைவில் பங்கிட்டு அளந்து கொடுக்க வேண்டிய அளவுக்குக் கேட்டார்களாம்! அம்மூன்றாண்டுப் பயணத்தில் வேறு நோய்களால் பலர் இறந்தனர். ஸ்கர்வியால் இறந்தவர் எவருமில்லை. கரை சேர்ந்த இடமெல்லாம் பசுங்கீரை தேடித் தின்னச் செய்ததும் இதற்கு ஒரு காரணம். புளிக்கோஸுக்கே முழுப் புகழையும் கொடுத்துவிடக் கூடாது. ஆயினும் 100 கிராம் புளிக்கோஸில் சுமார் 15 மில்லிகிராம் வைட்டமின் 'சி' உண்டு. நாளொன்றுக்கு 10 மில்லிகிராமே ஸ்கர்வியைத் தடுக்கப் போதும். காய்ச்சாததாலும், காற்றுப் படாததாலும், அமிலம் இருப்பதாலும் அந்த வைட்டமின் பெருமளவு தப்புகிறது.

நீங்களும் செய்து பார்க்கலாம்

மார்கழி, தை மாதமே ஏற்ற காலம். 18 முதல் 22 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் லூக்கோநாஸ்டாக் நிதானமாக வேலை செய்து நல்ல மணம் தரும். நான்கு வாரம் ஆகலாம். நம் கடற்கரையில் மார்கழியிலும் அவ்வளவு குளிர் கிடையாது. சித்திரை வெயிலிலோ ஒரு வாரத்தில் புளித்துவிடும். ஆனால் மணம் குறைவு, கோஸும் மெதுமெதுப்பாகிவிடும்.

வீட்டுப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கோஸை, மேலிலைகளை நீக்கி, அலசி, மெல்லியதாக நறுக்குங்கள். 25 கிராம் உப்பை எடை போட்டே எடுக்க வேண்டும். ஸ்பூன் கணக்கு வேண்டாம், காரணம் மேலே சொன்ன படிக் கணக்கில் இருக்கிறது. நன்றாகப் பிசைந்து, வெந்நீரில் கழுவி உலர்த்திய கண்ணாடி ஜாடியில் அமுக்கி நிரப்புங்கள். மேலே ஒரு முழு இலையை மூடி, அதன்மேல் நீர் நிரப்பிய சிறு கண்ணாடிக் குவளையைப் பாரமாக வையுங்கள். கோஸ் எப்போதும் நீருக்குள் இருக்க வேண்டும். மறுநாளும் நீர் மூடவில்லையென்றால், ஒரு லிட்டருக்கு 25 கிராம் உப்புக் கரைத்த, காய்ச்சி ஆறிய நீரைச் சேருங்கள்.

மூடியை இறுக்கவே கூடாது! 10 கிராம் சர்க்கரை லூக்கோநாஸ்டாக் வழியில் மாறினால் சுமார் 1.4 லிட்டர் கரியமில வாயு வெளிப்படும். ஜாடியில் கால் லிட்டர் காலியிடம்தான் இருக்கிறது என்றால், உள்ளே அழுத்தம் ஐந்து வளிமண்டலத்துக்கு மேல் ஏறக்கூடும். ஒரு பகுதி நீரில் கரைந்துவிடும் என்றாலும் கண்ணாடி வெடிக்க மிச்சம் போதும். மூடியில் துளையிட்டு ஒரு மெல்லிய ரப்பர்க் குழாயைச் செருகி, மறுமுனையைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் விடுங்கள். நீர் பால்போல் மாறுவதைக் கொண்டு வெளிவருவது கரியமில வாயுதான் என்று உறுதி செய்யலாம். ஒரு நிமிடத்திற்கு எத்தனை குமிழி என்று காலையும் மாலையும் எண்ணி வரைபடம் போட்டால், ஏறி இறங்கும் கோடு கிடைக்கும். வகுப்பில் ஐந்து பேர் சேர்ந்து 0, 1, 2½, 5, 15 விழுக்காடு என ஐந்து ஜாடிகள் வைத்தால் இன்னும் நன்று. தின்பதற்கு 2½ விழுக்காட்டு ஜாடி மட்டுமே, மற்றவை பார்ப்பதற்கு.

புளிப்பு ஏறியதைத் தெரிந்துகொள்ள ஒரு குறுக்கு வழி உண்டு. கோஸில் கால் பங்கு ஊதா நிறக் கோஸாக இருக்கட்டும். அதன் நிறமியே ஒரு காட்டி. அமிலம் கூடக்கூட ஊதா நிறம் சிவந்து, ஜாடி முழுவதும் செம்பருத்திச் சாறு போலாகும். ஆனால் நிறம் தோராயமே. தின்னும் முன் பி.எச். தாளால் அளப்பது நல்லது. 4க்குக் கீழே இருக்க வேண்டும். 4.6க்கு மேலிருக்கும் காற்றில்லாத உணவில்தான் பாட்டுலினம் என்னும் கொடிய நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளர முடியும்.

மேலே வெண்மையான மெல்லிய படலம் தோன்றினால் அது பெரும்பாலும் ஈஸ்டு, எடுத்தெறிந்துவிடலாம். பச்சை, கறுப்பு, சிவப்பு நிறத்தில் பூஞ்சை கண்டாலோ, புளிப்பு மணத்துக்குப் பதில் அழுகல் நாற்றம் வந்தாலோ, ஜாடியோடு கொட்டிவிடுங்கள். ருசி பார்க்க வேண்டாம். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இதிலுள்ள உப்பு ஆகாது. மற்றவர்கள் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு பார்க்கலாம். பாதி ஜாடி தீர்ந்ததும் மீதியைக் குளிர்பெட்டியில் வையுங்கள். எடுக்கும் ஸ்பூன் உலர்ந்திருக்கட்டும்.